கண்ணாடிக்கு உப்பு ஏறாதாம்!

வாவிக்கரையான்: தாவர ஆராய்ச்சியை விட்டுப்போட்டு ஓவியத்துக்கு வந்த சேர் ஒராள் மட்டக்களப்பு கல்லடி வாவிக்கரை மதிலொண்டில ஊர்ப்பிள்ளையளோட கண்டல் காட்டை (உவர்த்தண்ணிக் கரையில வளர்ற காடு) மொசைக்கில, அதாவது சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, செய்யப்போறாராம். நல்ல வேலை. ஆனா “கண்ணாடித் துண்டுக்கு உப்பு ஏறாது, ஒட்டிவிட்டாச் சரி” எண்டு ஒருத்தர் எழுதியிரிக்கிறார். உப்பு காத்தில மட்டுமா வருது? நிலத்து ஈரத்தோட மதிலுக்குள்ள ஏறுது. ஈரம் காய, உப்பு துண்டுக்குப் பின்னால கட்டியாகி சாந்தோட தள்ளிப்போடும்.

கண்டல்ராசா: எழுதினது நான்தான். கண்ணாடிக்கு உப்பு ஏறாது. சாந்து குழைக்கிறாக்கள் சேருக்குப் பாடமெடுக்கத் தேவையில்ல.

வாவிக்கரையான்: சேர் வேரைப் படிச்சவர், மதிலைப் படிக்கல்ல. ஈரம் சாதாரணமா 3 அடி வரைக்கும் ஏறும். அவ்வளவுக்கும் பழைய பூச்சைக் கொத்தணும். புதுப் பூச்சுக்கு 1 பங்கு சீமெந்துக்கு 3 பங்கு ஆத்துமணல். கடல்மணல் தொடவே கூடாது. பூசி 7 நாள் தண்ணி ஊத்தி, 28 நாள் விட்டுத்தான் ஒட்டணும்.

தில்லையடி: பிள்ளையள் மதில்ல ஏறத் தேவையில்ல. படத்தாளுக்கு மேல பொலித்தீன், அதுக்கு மேல நெட் (வலைத்துணி). 1 அடிச் சதுரமா மேசையில வச்சு நெட்டில துண்டை ஒட்டி, பிறகு நெட்டோட மதில்ல பதிக்கலாம். பொலித்தீனை மறந்தா தாளோட ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக் கம் வேணாம், மாரியில ஈரம் பட்டா இளகும்.

கண்டல்ராசா: நெட் எதுக்கு? கடதாசியில கவுத்து ஒட்டினா முகம் மட்டமா வரும்.

தில்லையடி: கவுத்து ஒட்டினா படம் இடம்வலம் மாறும் தம்பி. எழுத்தும் முகக்கண்ணாடியில பாக்கிற மாதிரி திரும்பி நிக்கும். அதை விடுங்க, மாதிரிப் படத்தில கண்டல் மரத்துக்கு நிலத்திலயிருந்து பென்சில் மாதிரி வேர் நிக்குது. அது கண்ணா எண்ட மரத்துக்குரிய மூச்சுவேர். கண்டலுக்கு வளைஞ்சு இறங்கிற ஊன்றுவேர். ஆராய்ச்சியாளர்ர படத்தில இப்படிப் பிழையா?

கண்டல்ராசா: அது பிள்ளையள் கீறினது. ஓவியத்தில வேரெண்ணி மார்க் போடுவீங்களா அக்கா? ஒவ்வொரு வேலையிலயும் குத்தம் பிடிக்கிறதே உங்களுக்குப் பழக்கம்.

தில்லையடி: இயற்கையைக் காட்டுறம் எண்டு நீங்கதான் சொன்னீங்க.

வாவிக்கரையான்: வேருக்கு முன்ன உப்பு! மதிலடியில ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு 2 நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்தா மதிலுக்குள்ள ஈரம் இரிக்கு. துண்டுகளுக்கிடையில அடைக்க எப்பொக்சி கிரவுட்டும் (தண்ணி புகாத பிசின் கலவை) வேணாம். இடுக்கையும் அடைச்சா தண்ணிக்கு வெளியேற வழியில்ல, துண்டோட கழண்டுவரும்.

கண்டல்ராசா: கண்ணாடிக்கு உப்பு ஏறாது, ஏறாது, ஏறாது.

வாவிக்கரையான்: கண்ணாடியை ஆர் கேட்டது? பூச்சைக் கொத்துவீங்களா இல்லையா? அதுக்கு இன்னும் பதில் வரல்ல.