டெனென்ச்சோஃபுவில் 300 சதுர மீட்டர் மனை: இரண்டாகப் பிரிக்கலாமா?

கேள்வி

வணக்கம். டோக்கியோவின் ஓட்டா வார்டில், டெனென்ச்சோஃபு 3-ச்சோமேயில் (3-ஆம் எண் உட்பகுதியில்) பழைய மரவீட்டோடு 300 ச.மீ. மனை விலைக்கு வந்திருக்கிறது. அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கி, வீட்டை இடித்துவிட்டு ஆளுக்கு 150 ச.மீ. என்று பிரித்து இரண்டு வீடு கட்டலாமா? பிரிப்பது சிரமம் என்கிறார் தரகர். காரணம் என்ன? முன்பணம் கொடுக்கும் முன் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில் 1

சிரமம் இல்லை, முடியவே முடியாது. டெனென்ச்சோஃபு ரயில் நிலையத்துக்கு மேற்கே விசிறிபோல விரியும் பகுதிக்குத் தனி வட்டாரத் திட்டம் உண்டு. அதன்படி ஒரு மனை 165 ச.மீ.க்குக் குறையக் கூடாது. ஜப்பானிய நில அளவான ட்சுபோவில் சொன்னால் 50. இரண்டாக்க 330 ச.மீ. வேண்டும், உங்களுக்கு 30 குறைகிறது. பத்திரத்தைப் பிரித்தே பதிந்தாலும் அந்த 150-இல் கட்ட அனுமதி வராது.

இந்த வரம்பு ஏன் வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி முதலானோர் 1918-இல் தொடங்கிய தோட்டநகர நிறுவனம் இங்கே 1923-இல் மனைகளை விற்கத் தொடங்கியது. நிலையத்தை மையமாக வைத்து அரைவட்டச் சாலைகள், அவற்றை வெட்டும் ஆரச் சாலைகள், பெரிய பெரிய மனைகள். உரிமையாளர் இறந்தால் 10 மாதத்துக்குள் வாரிசு வரியைக் கட்டியாக வேண்டும். உச்ச விகிதம் 55%. நிலம் இருக்கும், ரொக்கம் இருக்காது. விற்பார்கள், வாங்குகிற நிறுவனம் துண்டு போடும். அதற்குப் போட்ட கடிவாளம்தான் 165. தெருவின் அழகு இன்றும் மிச்சமிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நியாயமான விதி என்பதே என் கருத்து.

கட்டிட அளவுக்கு வருவோம். தரைப்பரப்பு மனையில் 40%, மொத்தத் தளப்பரப்பு 80%. உங்கள் 300-க்குத் தரைத்தளம் 120, இரு தளமும் சேர்த்து 240 ச.மீ. உயரம் 9 மீட்டருக்குள். வீட்டுப் பயன்பாட்டுக்கான நிலத்தடித் தளத்தை, நிலத்தடியும் சேர்ந்த மொத்தத் தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை, இந்த 80% கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மேலே 240 கட்டினால் நிலத்தடியில் 120 வரை கிடைக்கும். ஆனால் மண் தோண்டும் செலவும் நீர்க்கசிவுத் தடுப்பும் பட்ஜெட்டை விழுங்கிவிடும்.

பதில் 2

இடிக்கும் தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிலவரி ஜனவரி 1 நிலவரப்படி விதிக்கப்படும். அன்று வீடு நின்றால் நிலத்தின் முதல் 200 ச.மீ. ஆறில் ஒரு பங்கு மதிப்பிலும், மிச்ச 100 ச.மீ. மூன்றில் ஒரு பங்கு மதிப்பிலும் கணக்காகும். வெறும் மனையாக இருந்தால் இந்தச் சலுகை போய்விடும். இடித்துத் திரும்பக் கட்டுபவருக்கு விலக்கு உண்டு, ஆனால் பொதுவாக உரிமையாளர் மாறாதிருக்க வேண்டும். டிசம்பரில் கிரயம் முடித்து உடனே இடித்தால் உங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். ஜனவரி பிறந்த பிறகு இடியுங்கள்.

வீட்டை இடிப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு செய்ய வேண்டும்; இடிக்கும் தளப்பரப்பு 80 ச.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் முடிவை அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 2023 அக்டோபர் முதல் தகுதி பெற்றவர்தான் ஆய்வு செய்யலாம். மரவீடுதானே என்று விடாதீர்கள். கூரைப் பலகையிலும் சுவர்ப் பலகையிலும் அது இருக்கலாம். இருந்தால் இடிப்புக்கூலி ஏறும். விலை பேசும்போதே அதை யார் ஏற்பது என்று எழுத்தில் வாங்குங்கள்.

பதில் 3

முகவரியை நன்றாகப் பாருங்கள். விளம்பரங்களில் டெனென்ச்சோஃபு ஹொன்ச்சோ, டெனென்ச்சோஃபு மினாமி, பக்கத்து செதகாயா வார்டின் தமகாவா டெனென்ச்சோஃபு எல்லாம் ஒரே பெயரில் உலவும். எல்லா இடத்துக்கும் ஒரே விதி இல்லை. வார்டு அலுவலகத்தின் நகரத்திட்டப் பிரிவில் மனை எண்ணைக் கொடுத்து, அது எந்தத் திட்ட எல்லைக்குள் வருகிறது என்று வரைபடத்தில் குறித்து வாங்குங்கள். சாலையிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், தெருவோரம் உயிர்வேலி எப்படி என்பதும் அங்கேயே தெரியும்.

மேடான 3-ச்சோமே வேறு, தாமா ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி வேறு. 2019 அக்டோபர் புயலில் 4, 5-ச்சோமேயின் சில இடங்களில் வெள்ளம் புகுந்தது. கிரயத்துக்கு முன் தரகர் வெள்ள அபாய வரைபடத்தில் மனையைக் காட்ட வேண்டும் என்பது 2020 ஆகஸ்ட் முதல் கட்டாயம்.

கேட்டவர்

மிக்க நன்றி. பிரிக்காமல் ஒரே கட்டிடத்தில் இரு குடும்பமும் தனித்தனி வாசலோடு இருக்கலாமா?

பதில் 1

உள்ளே இரு பகுதிக்கும் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அது ஒரே வீடா, தொடர்வீடா (சுவர் ஒட்டிய தனித்தனி வீடுகளா) என்ற வகை மாறும். கட்டிடக் கலைஞரிடம் ஒரு பென்சில் வரைபடம் போட்டு வாங்கி, அதோடு வார்டு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்திடமும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வட்டாரத் திட்டப் பகுதியில் வேலை தொடங்க 30 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதையும் கால அட்டவணையில் சேருங்கள். பதில் கிடைக்கும் வரை முன்பணம் தராதீர்கள். கொடுத்த பிறகு பின்வாங்கினால் அது விற்பவருக்கே போய்விடும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அது இங்கே வழக்கம்தான்.