மறுமொழி: ரிசெக்‌ஷனுக்கு 'முனைவெட்டு' சரிவருமா?

> 'டிஎன்ஏ எண்ட் ரிசெக்‌ஷன்' என்பதற்கு 'முனைவெட்டு' போதும். சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா. சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெட்டு அங்கே ஏற்கெனவே விழுந்துவிட்டதே! டிஎன்ஏவின் இரண்டு இழையும் அறுந்த பிறகுதான் இந்த வேலையே ஆரம்பிக்கிறது. 'முறிவுக்குப் பின் முனைவெட்டு' என்று எழுதினால், இன்னொரு தடவை அறுபட்டதாகத்தான் மாணவர் நினைப்பார்.

நடப்பது வேறு. டிஎன்ஏ இழை ஒவ்வொன்றுக்கும் ஒரு நுனி 5 பிரைம், மறு நுனி 3 பிரைம். முறிந்த முனையில் 5 பிரைம் என்று முடியும் இழையை மட்டும் நொதிகள் உள்நோக்கித் தின்றுகொண்டே போகின்றன. எம்ஆர்இ11 தொடங்கிவைக்கும், எக்ஸோ1 போன்றவை நீளத்துக்குத் தொடரும். எதிர் இழை அப்படியே நிற்கும். முதலில் 'உரிப்பு' என்று யோசித்தேன். உரித்தால் நார் முழுசாகக் கையோடு வரும். இங்கே துணுக்குத் துணுக்காகப் போகிறது, அணில் கொய்யாவைக் கொறிக்கிற மாதிரி. ஆகவே என் பரிந்துரை: ஓரிழைக் கொறிப்பு.

மிஞ்சி நிற்கும் 3 பிரைம் இழைக்கு? தி.நகரில் சேலைக்குக் குச்சு கட்டுபவரிடம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஊடை நூலை உருவிவிட்டுப் பாவு நூலை மட்டும் தொங்க விடுவார். 'குச்சு' கட்டுரையில் ஏறாது, 'தொங்கல்' ஏறும். (ஆமாம், நம் விண்ணப்பங்கள் இருக்கும் அதே தொங்கல்தான்.)

இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், பழுதுபார்க்கும் வழியே இங்கேதான் பிரிகிறது. கொறிக்காத முனைகளைக் கூ புரதம் வளையமாய்ப் பற்றிக்கொள்ள, லைகேஸ் 4 என்னும் நொதி ஒட்டிவிடும். ஓரிரு டிஎன்ஏ எழுத்து போகலாம், கூடலாம். நன்றாகக் கொறித்துவிட்டால் அந்த வழி அடைபடும். தொங்கலின் மேல் ராட்51 என்னும் புரதம் படிந்து, அதே வரிசையுள்ள ஒத்த டிஎன்ஏ படியைத் தேடிப் போகும். சிதைந்த ஏட்டின் வரியை இன்னொரு சுவடியைப் பார்த்து உ.வே.சா. மீட்டாரே, அந்த வேலை. இதைப் 'படியொப்புச் சீராக்கம்' எனலாம். 'மறுசேர்க்கை' (ரீகாம்பினேஷன்) இதைவிட அகலமானது, பாலணு உருவாவதிலும் வரும். அதைத் தொட வேண்டாம்.

செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் முன்பு பார்த்தெழுத உடன்பிறந்த படி கிடையாது. அப்போது 53பிபி1 என்னும் புரதமும் ஷீல்டின் கூட்டமும் முனையைக் கொறிபடாமல் காத்து நிற்கும். அது 'கொறிப்புத்தடை'. ஷீல்டின் 2018இல் விவரிக்கப்பட்ட புரதக் கூட்டு. பெயர் பெயராகவே இருக்கட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. குரோமோசோமின் இயல்பான முனையான டெலோமியரிலும் தொங்கல் உண்டு, ஆனால் அது முறிவு இல்லை. முறிவென்று செல் தவறாக நினைத்துவிடாதபடி, இடுப்பில் முந்தானையைச் செருகுவதுபோல அது பின்னால் வளைந்து இரட்டை இழைக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. 'செருகுவளையம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். அடிக்க வருபவர்கள் வரலாம்.