புல் ரிக்வெஸ்ட் எல்லாம் பேக்கேஜ் லாக்கில முட்டுது

வெள்ளவத்தை வாசி:
கொழும்பு பஸ் நேர அட்டவணைத் தளத்துக்கு வாற புல் ரிக்வெஸ்ட் (மற்றவை அனுப்புற கோட் மாற்றங்கள்) எல்லாம் பேக்கேஜ் லாக் கோப்பில (பாவிக்கிற பொதிகளின்ர பதிப்புகளைக் குறிச்சு வைக்கிறது) இணைக்க ஏலாமல் முட்டுது. கையால திருத்தினா சோதனை சிவப்பாகுது. என்ன வழி?

கொட்டாஞ்சேனை:
அதைக் கையால தொடாதேங்கோ. ஒரு பதிப்பு எண் பிசகினாலும் பேக்கேஜ் ஜேசனோட (தேவையான பொதிகளின்ர பட்டியல்) ஒத்துவராமல், லாக்கில உள்ளபடி பொதிகளை நிறுவுற 'என்பிஎம் சிஐ' கட்டளை நின்றிடும். மெயின் கிளையை புல் ரிக்வெஸ்ட் கிளைக்குள்ள மெர்ஜ் பண்ணி (இணைச்சு), முதல்ல பேக்கேஜ் ஜேசன் முட்டலைத் தீருங்கோ. பிறகு 'என்பிஎம் இன்ஸ்டால்' ஓடவிட்டா லாக் தானாச் சரிவரும். ரெண்டையும் ஒரே கொமிட்டில போடுங்கோ.

தெமட்டகொடை:
என்பிஎம் பதிப்பையும் பாருங்கோ. என்பிஎம் 6 எழுதுற லாக் வடிவம் 1, 7, 8 எழுதுறது 2, 9இலிருந்து 3. ஒரு பொதி சேர்க்க ஆயிரம் வரி மாறுறது பெரும்பாலும் இதாலதான். புதுசா வாற பிள்ளையளில பிழையில்லை. என்பிஎம் நோட்டோட சேர்ந்து வாறதால, நோட் பதிப்பை என்விஎம்ஆர்சி கோப்பில (எந்த நோட் பதிப்பு வேணுமெண்டு சொல்லுற கோப்பு) குறிச்சு, பங்களிப்பு வழிகாட்டியின்ர முதல் வரியிலயே சொல்லுங்கோ.