புதுப்பிப்பு: வாடகை மோட்டார் ஹோமில் போடிமெட்டு ஏற்றம்

வாடகை மோட்டார் ஹோமை (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டி) முதன்முறையாக ஓட்டப்போகும் நான், போடியிலிருந்து மூணாறுக்குப் போடிமெட்டு வழியாகச் செல்லலாமா, குமுளியைச் சுற்றிப் போக வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போடிமெட்டு வழியாகவே நல்லபடியாகச் சென்று திரும்பிவிட்டோம். அறிவுரை கூறிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அங்குள்ள 17 கொண்டை ஊசி வளைவுகளில், பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதிதான் அதிகக் கவனத்தைக் கோரியது. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது பின்சக்கரம் உள்ஓரத்தை நெருங்க, வண்டியின் வால்பகுதி எதிர்ப்புறமாக வீசித் தடுப்புச் சுவரை ஒட்டி வந்துவிடுகிறது. ஆகவே சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு, அவசரப்படாமல், வளைவுக்குள் நன்றாக நுழைந்த பிறகே முழுமையாகத் திருப்பினேன். பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "இன்னும் ஒரு முழம் இருக்குங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது பேருதவியாக இருந்தது.

நூறு லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ சுமை என்பதால், தொட்டியைப் போடியில் நிரப்பாமல் மேலே பூப்பாறையில் நிரப்பிக்கொண்டோம். எரிவாயு சிலிண்டரின் வால்வைப் புறப்படும் முன்பே மூடிவிட்டோம்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரிலேயே வந்தேன். ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வேகமாக ஏறிவரும் ஜீப்புகளுக்கு, அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடுவது மிக அவசியம்; மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை.