ஆறு மாதம் பிரான்ஸில் இருந்தால் பிரெஞ்சு பேச வந்துவிடுமா?

ஏற்காட்டுப் பெண்:
வணக்கம். வீடு ஏற்காடு, கல்லூரி சேலம். மார்க் நிறைய வரும் என்று பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தேன். மார்க் வந்தது, மொழி வரவில்லை. வினைச்சொல் அட்டவணையை இன்றைக்கும் ஒப்பிப்பேன். ஆனால் யூடியூபில் ஒரு பிரெஞ்சுக்காரர் பேசினால் எங்கே ஒரு வார்த்தை முடிகிறது என்றே பிடிபடுவதில்லை. டிகிரி முடிந்ததும் ஆறு மாத மொழிப் படிப்புக்குப் பிரான்ஸ் போக ஆசை. அப்பா மிளகு விற்ற காசை இதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறார். அங்கே போய் இருந்தால் பேச்சு தானாக வந்துவிடுமா? பாண்டிச்சேரியே போதும் என்கிறார் மாமா. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
தங்கச்சி, தானாக வராது. ஆனால் சரியான வீட்டில் தங்கினால் வரும்.

நான் பெசான்சோனில் ஒரு வருடம் இருந்தேன். சுவிட்சர்லாந்து எல்லைப் பக்கம், தூ ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் ஊர். கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனது, விக்டர் ஹியூகோ பிறந்ததும் அங்கேதான். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1958-இல் தொடங்கிய மொழி மையம் ஒன்று இருக்கிறது. இலக்கணம் அங்கே படித்தேன். பேசக் கற்றது நான் தங்கிய வீட்டுச் சமையலறையில்.

முதல் வாரம், தட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். 'தெசூ' என்றார். கீழ் அலமாரியைத் திறந்தேன், பாத்திரம்தான் இருந்தது. மறுபடியும் 'தெசூ' என்றார். மறுபடியும் குனிந்தேன். மேலே, கீழே இரண்டுக்கும் பிரெஞ்சில் சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழ் எழுத்தில் இரண்டையும் 'தெசூ' என்றுதான் எழுத முடியும். கீழே என்பதில் வருவது நம் ஊ. மேலே என்பதில் வருவது நம்மிடம் இல்லாத ஒலி. அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். 'ஈ' சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் குவிக்கச் சொன்னார். எனக்கு எங்கள் ஆயா விறகடுப்பை ஊதுவது ஞாபகம் வந்தது. உதட்டை ஊதாங்குழலில் வைப்பதுபோல வைத்துக்கொண்டு உள்ளே ஈ சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாலைந்து தடவையில் பிடித்துவிட்டேன். பிளஸ் டூவில் அந்த இரண்டு சொல்லையும் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! வித்தியாசம் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

எண்களும் அப்படித்தான் படுத்தின. அங்கே போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 92 என்றால் 'நாலு இருபது, பன்னிரண்டு'. நான் 80 என்று எழுதும்போதே பன்னிரண்டு வந்துவிடும். அடித்துத் திருத்துவதற்குள் அடுத்த ஜோடி போயிருக்கும். எண் தெரியாமல் இல்லை, அந்த வேகத்துக்குக் காது பழகவில்லை. ஒரு விஷயம் நமக்குச் சுலபம்: 'வூ', 'த்யூ' என்று இரண்டு இருக்கிறதே, அது நம் நீங்கள், நீ மாதிரிதான். யாரிடம் எதைச் சொல்வது என்று இங்கிலாந்துப் பிள்ளைகள் குழம்பினார்கள், நான் குழம்பவே இல்லை.

அதனால் சொல்கிறேன், பெரிய நகரம் வேண்டாம். ஹாஸ்டலும் வேண்டாம், குடும்பத்தோடு தங்கு. அப்புறம், பி1 அளவுக்கு, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் நடுநிலைக்கு, இங்கேயே வந்துவிட்டுப் போ. ஏ1 என்ற ஆரம்ப நிலையில் போய் இறங்கினால் 'புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்' என்பதிலேயே பாதி நாள் போய்விடும். அது அப்பாவின் மிளகுக் காசு. ஆர்.எஃப்.ஐ. வானொலியில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி வருகிறது. மலை பஸ்ஸில் தினமும் அதைக் கேள், கூடவே வாய்க்குள் திருப்பிச் சொல்.

மூன்று மாதத்துக்கு மேல் படிப்பதானால் முதலில் கேம்பஸ் பிரான்ஸ் என்ற பிரெஞ்சு அரசு மாணவர் அமைப்பில் பதிவு, அப்புறம் விசா. போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை ஆன்லைனில் உறுதிப்படுத்த வேண்டும், மறந்துவிடாதே.

அஸ்தம்பட்டி அண்ணன்:
செவ்வாய்ப்பேட்டை சகோதரி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் இரண்டு வருடம் பாரிஸில் எம்.எஸ். படித்தேன், ஆங்கில வழியில். அறையில் நாலு பேரும் தமிழ்ப் பையன்கள். காய்கறி, அரிசி, கறிவேப்பிலை எல்லாம் லா ஷப்பெல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும், அங்கேயும் தமிழ்தான். திரும்பி வரும்போது எனக்குத் தெரிந்தது பாங்ஜூர், மெர்சி, மெட்ரோ அறிவிப்பு. அந்த நண்பர்கள் இல்லாமல் அங்கே ஒரு குளிர்காலம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மொழி போய்விட்டதே என்று இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது வேறு யாரோடாவது உட்காருங்கள் தங்கச்சி.

பாண்டிச்சேரி மருமகள்:
பிறந்தது புதுச்சேரி, வாழ்க்கைப்பட்டது சேலம். உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. அங்கே 1889-இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு கற்பிக்கும் நிறுவனம் இருக்கிறது. ஏ1-இல் இருந்து பி1 வரை படிப்படியாகப் போக, டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் திறன் தேர்வு எழுத, அது நல்ல இடம். டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஒரு தடவை வாங்கினால் போதும். ஆனால் ஊரில் தெருப்பெயர்தான் பிரெஞ்சில் இருக்கும், காய்கறிக்காரம்மா தமிழில்தான் பேசுவார். எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அழகாகப் பேசுவார். வீட்டில் எங்களோடு பேசாமல் விட்டுவிட்டார். பேரப்பிள்ளைகள் யாருக்கும் வரவில்லை. பி1 வரை பாண்டி, அதற்குமேல் பிரான்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுப் பெண்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை பஸ்ஸில் அந்த ஈ-ஊதாங்குழல் ஒலியைச் சொல்லிப் பார்த்தேன், பக்கத்து சீட் பாட்டி பல்வலியா என்று கேட்டார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் செய்தியை இரண்டு தடவை கேட்டுவிட்டேன். இரண்டாவது தடவை, விலைவாசி பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்பது வரை புரிந்தது. அப்பாவிடம் பேசிவிட்டேன், முதலில் பாண்டிச்சேரி. அக்கா, ஒன்றே ஒன்று: அந்த வீட்டு அம்மாவுக்கு நீங்கள் என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்?

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
ஒரு ஜோடி மெல்லிசுக் கொலுசு, எங்கள் பட்டறையில் செய்தது. கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நீ மிளகு கொண்டு போ. பொடிக்காமல் முழுசாக, ஈரம் புகாத டப்பாவில்.