பத்து வயதுப் பையனிடம் டச் மூவ் கேட்டது தப்பா?

ஞாயிறு ரேபிட்:

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு விஷயம் மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. இங்கே செஸ் போட்டி ஆடுகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவர்கள், ஆர்பிட்டர்கள் (நடுவர்கள்) எல்லாரும் இருப்பதால் கேட்கிறேன்.

எனக்கு வயது 43. கல்லூரியோடு விட்ட செஸ்ஸை இரண்டு வருடம் முன்னால்தான் மறுபடி பிடித்தேன். ரேட்டிங் 1500-ஐ ஒட்டி. ஒரு பள்ளிக்கூட ஹாலில் ரேபிட் போட்டி, ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி கூடுதல், எட்டு ரவுண்டு. ஏழாவது ரவுண்டில் எனக்கு எதிரே வந்தது பத்து வயதுப் பையன். கை எட்டவில்லை என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்று போட்டு அதில் மண்டியிட்டு ஆடினான், நன்றாகவே ஆடினான்.

முப்பது நகர்த்தலுக்கு மேல் போயிருக்கும், ஆட்டம் சமம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. யானையால் என் சிப்பாயை வெட்டக் கையை நீட்டியவன், அவசரத்தில் பக்கத்தில் இருந்த ராணியைத் தூக்கிவிட்டான். விரல் பட்டது என்று சொல்ல முடியாது, கட்டத்தை விட்டு ஓர் அங்குலம் தூக்கினான், உடனே வைத்துவிட்டு யானையைப் பிடித்தான். அந்த ராணிதான் அவனுடைய கடைசி வரிசைக்குக் காவல், அது எங்கே நகர்ந்தாலும் என் யானை இறங்கி மேட். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது டச் மூவ் விதி, நான் கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டதும் பையன் மறைக்கவில்லை, "தொட்டேன் சார்" என்றான். ராணியை நகர்த்தினான், நான் மேட் வைத்தேன், கை கொடுத்தான். ரிசல்ட் ஸ்லிப்பில் கையெழுத்துப் போடும்போது அழுதுவிட்டான்.

வெளியே வந்தால் அவன் அம்மா, "சின்னப் பையன்கிட்ட இப்படி ஜெயிச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில் 14-வது இடம் வந்து ஒரு பரிசுக் கவரும் கையுமாக வீட்டுக்கு வந்தேன், அந்தக் கவரை இன்னும் பிரிக்கவில்லை.

விதிப்படி சரி என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது அது இல்லை. பார்க்காத மாதிரி இருந்திருக்க வேண்டுமா? "பரவாயில்ல தம்பி, நினைச்சதையே ஆடு" என்று விட்டிருந்தால் அதுதான் பெருந்தன்மையா?

கறுப்புக் கட்டம்:

பல வருடமாக ஆர்பிட்டராக இருக்கிறேன், அதனால் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிகளில் நான்காவது பிரிவு பெரும்பாலும் இதுதான். தன் முறை வந்த ஆட்டக்காரர் நகர்த்தும் எண்ணத்தோடு தன் காயைத் தொட்டால், அதற்குச் சட்டப்படியான நகர்த்தல் இருந்தால், அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளி காயைத் தொட்டால், வெட்ட முடிந்தால் வெட்ட வேண்டும். கட்டத்தில் சரி செய்து வைப்பதாக இருந்தால் தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்ல வேண்டும், தொட்டுவிட்டுச் சொல்வது செல்லாது. கை தவறி இடித்தது வேறு, தூக்கி வைத்தது வேறு. அந்த ஆட்டத்தை நான் பார்த்திருந்தால் நீங்கள் கூப்பிடாமலே தலையிட்டிருப்பேன். அப்போது அந்த அம்மா உங்களிடம் வந்திருக்க மாட்டார், என்னிடம் வந்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியவர்களுக்கும் இதே கதிதான். 2016 கேண்டிடேட்ஸ், மாஸ்கோ. கிராண்ட்மாஸ்டர் நகமுரா, இன்னொரு கிராண்ட்மாஸ்டர் ஆரோனியனுக்கு எதிராக ஒரு யானை எண்ட்கேமைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், ராஜாவைத் தொட்டார், உடனே தப்பு என்று தெரிந்து 'ஜடூப்' (அட்ஜஸ்ட் என்பதற்குப் பிரெஞ்சு) என்று சமாளிக்கப் பார்த்தார். ஆரோனியன் விடவில்லை. ராஜாவையே நகர்த்த வைத்தார்கள், ஆட்டம் போனது. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்கிற போட்டியில் ஆரோனியன் விட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்களா?

இன்னொன்று, இது பலருக்கும் புரிவதில்லை. யாரும் வெளியேறாமல், ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறைப் போட்டியில் உங்கள் புள்ளி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. புள்ளி சமமாகி டை வந்தால் புக்கோல்ஸ் பார்க்கிறோம், அதாவது நீங்கள் ஆடிய எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல். நீங்கள் இரக்கப்பட்டு ஒரு புள்ளியை விட்டால் முதல் ரவுண்டில் உங்களிடம் தோற்ற யாரோ ஒருவர் 20-வது இடத்திலிருந்து 21-வது இடத்துக்குப் போவார், பரிசு 20 பேருக்கு என்றால் அவருக்கு வெறுங்கை. அவரைக் கேட்டுவிட்டா இரக்கப்பட்டீர்கள்?

அண்டர் லெவன் அம்மா:

நானும் அப்படி வெளியே காத்திருக்கிற அம்மாதான். அதிகாலை நான்கு மணி பஸ் பிடித்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, கதவு இடுக்கு வழியாகப் பிள்ளை முகத்தைப் பார்த்து என்ன நடக்கிறது என்று ஊகிக்கிறவள். அந்த அம்மா பேசியது சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

கறுப்புக் கட்டம் சார் சொல்வது எல்லாம் சரி, ஆனால் பெருந்தன்மைக்குப் போட்டியில் இடமே இல்லை என்று அர்த்தமா? 2020-இல் ஊரடங்கு சமயத்தில் ஆன்லைனில் நடந்த போட்டி, அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனும் சீன கிராண்ட்மாஸ்டர் டிங் லிரனும். ஓர் ஆட்டத்தில் டிங்குக்கு இணையம் அறுந்து நேரம் போய்த் தோற்றார். அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் நான்கே நகர்த்தலில் ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார், கணக்கு நேரானது. என் பையனுக்கு அதைக் காட்டியபோது அவன் வாயே பேசவில்லை.

கறுப்புக் கட்டம்:

@அண்டர் லெவன் அம்மா, நல்ல உதாரணம்தான், எனக்கும் பிடித்தது. ஆனால் அது இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் நடக்கிற நாக்அவுட் மேட்ச். கார்ல்சன் கொடுத்தது அவர் பாக்கெட்டிலிருந்து, நஷ்டம் அவருக்கு மட்டும்தான். இணையம் அறுந்தது டிங்குடைய தப்பும் இல்லை. ஸ்விஸ்ஸில் 200 பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாக்கெட் உங்களுடையது மட்டுமில்லை.

சிராங்கூன் வாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே சைனாடவுனில் புத்தர் பல் கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் சாயங்காலமானால் வயதான சீனர்கள் சியாங்சி ஆடுவார்கள், அவர்களுடைய செஸ், நடுவில் ஓர் ஆறு ஓடுகிற பலகை. எனக்குப் பாதிதான் புரியும், இருந்தாலும் நின்று பார்ப்பேன். சில பலகைகளில் அந்த ஆற்றின் மேலேயே ஒரு பழமொழி அச்சடித்திருக்கும். பார்க்கிறவன் வாய் திறக்காதிருப்பது உண்மையான பண்பு, ஆடக் கையைத் தூக்கியபின் மாற்றாதிருப்பது ஆண்மை என்கிற மாதிரி பொருள் என்று பக்கத்தில் நின்ற அங்கிள் ஒருவர் சொன்னார்.

பெண்களும் ஆடும் காலத்தில் ஆண்மை என்கிற சொல் உறுத்துகிறது, அதை விடுங்கள். நான் கவனித்தது, அந்த வரியில் எதிராளி என்று ஒருவனே இல்லை. அவன் மன்னிக்க வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எதுவும் இல்லை, கையைத் தூக்கினவனைப் பார்த்து மட்டுமே பேசுகிறது. நம் வீட்டில் தாத்தாவோடு ஆடும்போது "தாத்தா, தாத்தா, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சி மாற்றி மாற்றி ஆடித்தான் நாம் எல்லாரும் கற்றோம், அது வேறு உலகம், அது வேண்டும். லீசெஸ் என்கிற ஆன்லைன் செஸ் தளத்தில்கூட எதிராளி சம்மதித்தால் நகர்த்தலைத் திரும்ப எடுக்கலாம், வேண்டாம் என்றால் அமைப்பில் போய் அந்தக் கோரிக்கையே வராதபடி அடைத்துவிடலாம், நான் அடைத்துத்தான் வைத்திருக்கிறேன். மாற்றிக் கேட்பவனிடம் இல்லை என்று சொல்கிற சங்கடம் எனக்கு ஆகாது.

ஞாயிறு ரேபிட்:

எல்லாருக்கும் நன்றி. முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன், மறந்து விடவில்லை, வெட்கப்பட்டு விட்டேன். சிராங்கூன் வாசி எழுதியதைப் படித்த பிறகு அதைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்பதே நியாயமில்லை என்று தோன்றுகிறது.

அதே ஆட்டத்தில் ஆறாவதோ ஏழாவதோ நகர்த்தலில் நான் பிஷப்பைத் தொட்டேன். தொட்டபிறகுதான் குதிரையை முதலில் எடுப்பது நல்லது என்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் "பரவாயில்ல அங்கிள்" என்றான். நான் குதிரையை ஆடினேன். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை, பிஷப்பை ஆடியிருந்தாலும் நான் தோற்றிருக்க மாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே ஆட்டத்தில் நடந்தது. அவன் அழுதது தோற்றதற்காக இல்லையோ என்பதுதான் என்னைத் தூங்க விடாதது.

மதுரைப் பயிற்சி:

இதற்காகத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் முதல் பதிவில் விதியைத் தெளிவாகத் தெரிந்த ஒருவர் இவ்வளவு வேதனைப்படுவதற்குக் காரணம் போதவில்லை.

விதியை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபிடே விதி 4.8 என்ன சொல்கிறது? எதிராளி தொட்டதைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமானால் நீங்கள் உங்கள் அடுத்த காயை நகர்த்துகிற எண்ணத்தோடு தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும், தொட்டபின் அந்த உரிமை போய்விடும். பையன் சொல்லவில்லை, அது முடிந்த கதை. நீங்கள் அவனுக்குக் கடன்பட்டவர் என்று எந்த ஆர்பிட்டரும் சொல்ல மாட்டார். ராணி விஷயத்தில் நீங்கள் ஆர்பிட்டரைக் கூப்பிட்டதும் சரி, பத்து வயது என்பதற்காக விட்டிருக்கக் கூடாது, என் பிள்ளைகளிடம் அப்படி யாராவது விட்டுக்கொடுத்தால் எனக்குக் கோபம்தான் வரும். இரக்கப்பட்டு விட்டால் அடுத்த போட்டியிலும் அந்தக் கை அப்படித்தான் போகும், அங்கே இரக்கப்பட ஆள் இருக்காது.

தப்பு நடந்தது ஆறாவது நகர்த்தலில்.

விதி என்ன சொல்கிறது என்று மறுபடி படியுங்கள். 'எதிராளி கேட்டால் நகர்த்து' என்று இல்லை, 'தொட்டால் நகர்த்த வேண்டும்' என்றுதான் இருக்கிறது. அது உங்கள் மேல் இருக்கிற பொறுப்பு, அதை மன்னிக்கும் அதிகாரத்தை அந்தப் பையனிடம் கொடுத்ததே நீங்கள்தான். அவன் முகத்தைப் பார்த்தீர்கள் இல்லையா, அதுதான் கொடுத்தது. அப்பா வயதில் ஒருவர் தன் முகத்தைப் பார்க்கும்போது பத்து வயதுப் பிள்ளை "இல்ல அங்கிள், தொட்டுட்டீங்க, அதைத்தான் ஆடணும்" என்று சொல்லுமா? நாம் அப்படியா வளர்த்திருக்கிறோம்? பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லித்தானே ஹாலுக்குள் அனுப்புகிறோம்.

ஸ்பெயினில் நடந்த 1994 லினாரெஸ் போட்டி எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். உலக சாம்பியன் காஸ்பரோவ் குதிரையை c5 கட்டத்தில் வைத்தார், விரல் விலகியது, தப்பு என்று தெரிந்ததும் எடுத்து f8-இல் வைத்தார். ஒரு விநாடியில் கால் பங்குதான், ஆனால் வீடியோவில் தெளிவாக இருக்கிறது. எதிரே யூடிட் போல்கர், வயது 17, அவ்வளவு பெரிய போட்டிக்கு முதல் முறையாக அழைக்கப்பட்டு வந்தவர். ஆர்பிட்டரை நிமிர்ந்து பார்த்தார், புகார் சொல்லவில்லை, தோற்றார். முதல் முறை கூப்பிட்ட இடத்தில் வம்பு வேண்டாம் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். போல்கர் கேட்டிருக்க வேண்டும் என்று என் வகுப்பில் பிள்ளைகள் சொல்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்பேன், அவர் ஏன் கேட்க வேண்டும்? குதிரையை விட்டது யாருடைய விரல் என்று அந்த விரலுக்குச் சொந்தக்காரருக்குத்தானே முதலில் தெரியும்? (2002-இல் மாஸ்கோவில் ஒரு ரேபிட் ஆட்டத்தில் போல்கர் காஸ்பரோவை ஜெயித்தார். எனக்கு இன்றைக்கும் அது மனதுக்கு நிறைவான செய்தி.)

பிஷப்பைத் தொட்டதும் அந்தப் பையன் என்ன சொன்னாலும் "இல்லை தம்பி, தொட்டுட்டேன்" என்று பிஷப்பை ஆடியிருந்தீர்கள் என்றால், இருபத்தைந்து நகர்த்தல் கழித்து ராணியைத் தொட்டபோது நீங்கள் ஆர்பிட்டரைக் கூப்பிடும் முன்பே அவன் ராணியையே ஆடியிருப்பான். அழுதிருப்பான், அது வேறு அழுகை.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அது அவனுக்கு எதுவும் சொல்லாது. பேசுங்கள்.

அண்டர் லெவன் அம்மா:

மதுரைப் பயிற்சி சார், இதை என் பையனுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அந்த அம்மாவிடமும் பேசுங்கள் சார், அவனிடம் மட்டும் இல்லை.

ஞாயிறு ரேபிட்:

போட்டி நடத்தியவர்களிடம் சொல்லி நம்பர் வாங்கி நேற்று ராத்திரி பேசினேன். அம்மாதான் எடுத்தார். ஆறாவது நகர்த்தலைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது, பையன் வீட்டில் சொல்லவே இல்லையாம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் போனை அவனிடம் கொடுத்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் "சரி அங்கிள்" என்றான், அவ்வளவுதான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன், ஆனால் உடனே "அங்கிள், நான் யானையை எடுத்திருந்தா டிராவா?" என்று கேட்டான். ஆட்டம் அவனுக்கு முழுக்க மனப்பாடம். நான் இந்தப் பக்கம் போர்டை எடுத்து வைத்து, அவன் சொல்லச் சொல்ல அடுக்கி, இரண்டு பேருமாக முக்கால் மணி நேரம் போட்டுப் பார்த்தோம். டிரா இல்லை. சிப்பாய் போனதும் என் ராஜா பக்கம் முழுக்கத் திறந்துவிடுகிறது, எட்டு நகர்த்தலில் அவன் ஜெயித்திருப்பான். அதை அவனிடம் சொன்னேன்.