மேட்டில் திணறிய 1.2 லிட்டர் எஞ்சின்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கார் வாங்கிய புதிது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி வேறு. மலை ஏற்றத்தில் நான்காவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி நகர்வேனா என்றது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டர் முள் 1800-ஐ விட்டு அசையவில்லை. "எண்பது குதிரை என்றாயே, எல்லாம் மேயப் போய்விட்டதா?" என்று பின்சீட்டிலிருந்து மாமா.

பக்கத்திலிருந்த நண்பர், "இரண்டாவதில் போடுடா" என்றார். போட்டேன். எஞ்சின் கத்தியது, முள் 4500-க்கு வந்தது, வண்டி ஏறிவிட்டது. கத்தவிட்டால் எஞ்சின் வீணாகிவிடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை, அதாவது எஞ்சின் திருகும் விசையை, ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 7023-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். என் எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1800-இல் 26 குதிரைதான், 4500-இல் 64. சிசி (எஞ்சினின் கொள்ளளவு) கவளத்தின் அளவு என்றால், ஆர்பிஎம் நிமிடத்துக்கு எத்தனை கவளம் என்பது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். அதனால் 1800-இல் நிமிடத்துக்கு 1080 லிட்டர், 4500-இல் 2700 லிட்டர். பட்டினி போட்டுவிட்டு இழு என்றால் எப்படி இழுக்கும்?

பதில் 1

எனக்கு நேர் எதிர் அனுபவம். என்னுடையது 1.5 டர்போ டீசல். 2000-லேயே 200 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். உங்கள் கணக்குப்படி அங்கேயே 57 குதிரை, அதனால் மேட்டில் கியரைத் தொடுவதே இல்லை. டர்போ காற்றை அமுக்கி அனுப்புவதால் சிசி சொல்வதைவிடக் கூடுதலாகவே உள்ளே போகிறது. ஆனால் 4000 தாண்டினால் மூச்சு வாங்கும். பெட்ரோல் கார் பழக்கத்தில் ஒருமுறை கியர் மாற்றாமல் இழுத்துக்கொண்டே ஓவர்டேக் செய்யப் போய், எதிரே லாரியைப் பார்த்ததும் பேசாமல் பின்னால் வந்துவிட்டேன்.

பதில் 2

பழைய கார் கண்காட்சியில் ஃபோர்டு மாடல் டி பார்த்தேன். 2.9 லிட்டர் எஞ்சின், 1600 ஆர்பிஎம்மில் வெறும் 20 குதிரை! ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் அதைவிடச் சின்னது, 2 லிட்டர்தான். டர்போ கிடையாது. 8300-இல் ஏறத்தாழ 240 குதிரை.

சுற்று ஐந்து மடங்குக்குச் சற்று மேல், கொள்ளளவு மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் பெருக்கினால் ஹோண்டாவுக்கு 72 குதிரைதான் வர வேண்டும். மீதி? ஒரே கவளத்தில் கூடுதல் சத்து. மாடல் டியின் கம்ப்ரஷன் விகிதம் (உள்ளே போனதை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 4 சொச்சம், ஹோண்டாவில் 11. காற்றை உள்ளே விட்டு புகையை வெளியே அனுப்பும் வால்வு விஷயத்திலும் மாடல் டிக்கு ஏணி வைத்தாலும் எட்டாது.

அதற்காகப் பெரிய எஞ்சினை இஷ்டத்துக்குச் சுற்றவிடவும் முடியாது. எஸ்2000-இன் பிஸ்டன் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும், அதாவது ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, 84 மில்லிமீட்டர் ஓடுகிறது. 8300-இல் அதன் சராசரி வேகம் நொடிக்கு 23 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்ப வேறு வேண்டும். பெரிய எஞ்சினில் ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் அந்த வேகம் இன்னும் குறைவான சுற்றிலேயே வந்துவிடும்.

தொடங்கியவர்

போன வாரம் அதே மேடு, அதே கூட்டம். மூன்றாவது கியர், 3500. ஏசியை நிறுத்தவே இல்லை. மாமா தூங்கிவிட்டார்.